நடுவில் ஒரு நாற்காலி

வேளச்சேரியில் மழை வெளுத்து வாங்குகிறது. பள்ளிக்கூட ஹாலில் கருத்துக்கேட்புக் கூட்டம். கட்டடப் பழுதுக்கான நிதியை ஸ்மார்ட் போர்டுக்கு மாற்றலாமா என்று கேட்க வந்திருக்கும் அதிகாரி தணிகாசலம், மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கும் டீச்சர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார். "ஏம்மா, உங்களுக்குள்ள சண்டையா? நடுவுல வாங்க." ஒருவரும் அசையவில்லை. "நீங்க உக்காருங்க சார்," என்று நடு ஹாலில் துண்டு போர்த்திய நாற்காலியைப் பணிவாகக் காட்டுகிறாள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியை இன்பவல்லி. உட்காருகிறார். கூரையிலிருந்து ஒரு சொட்டு வழுக்கையில் விழுகிறது, அடுத்தது மூக்குக்கண்ணாடியில். நாற்காலியை நகர்த்தப் பார்க்கிறார். "அந்தாண்ட இன்னும் ஜாஸ்தி ஊத்தும் சார்," என்கிறாள் ஆயா கன்னியம்மா. தணிகாசலம் துண்டை உருவித் தலையில் போட்டுக்கொள்கிறார். "சரிம்மா, நிதியை மாத்தல. கூரையையே போட்டுக்குங்க. உங்க எடத்தைக் கொஞ்சம் குடுங்க." இன்பவல்லி எழுந்திருக்கவில்லை. "கையெழுத்து போட்டுட்டு வந்து உக்காருங்க சார்."