மஞ்சளும் பச்சையும்

ஈரானைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினாள்.

மூன்றாவது முறை.

மேற்கு ஆசியா மஞ்சள். தெற்கு ஆசியா பச்சை. ஆறாம் வகுப்புப் பாடநூலுக்கான வரைபடம். ஈரான் எந்தப் பக்கம் என்று பேராசிரியர்களுக்குள் இரண்டு கூட்டமாய் வழக்கு. ஐ.நா. பட்டியலில் தெற்கு என்றார் ஒருவர். வளைகுடா நாட்டைப் பிடித்து யாராவது தெற்கில் வைப்பார்களா என்றார் இன்னொருவர். கடைசியில் டீ வந்தது. கை தூக்கினார்கள்.

இவ்வளவுதானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கோடிக்கணக்கான ஜனங்களை ஒரு டீ ஆறுவதற்குள் இடம் மாற்றிவிட்டார்கள்.

பெர்க்மான்ஸுக்குத்தான் எந்தப் பக்கமும் கை தூக்க ஆளில்லை.

அவள் கணவன். சரக்குக் கப்பலில் ஃபிட்டர். மஸ்கட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் வழியில், ஒரு விடியற்காலை ஆள் எண்ணிப் பார்த்தபோது அவன் இல்லை. பதினான்கு மாதம் ஆகிறது.

மும்பையில் கம்பெனியின் தெற்கு ஆசியப் பிரிவு. அது மேற்கு ஆசியப் பகுதியில் நடந்தது, துபாயில் கேளுங்கள் என்றது. துபாய், அந்த இடம் எங்களுக்குள் வராது என்று மும்பைக்கே திருப்பியது. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். எந்த இடத்தில்?

கூட வேலை பார்த்தவன் ஒருவன்தான் மனம் பொறுக்காமல் போனில் சொன்னான். வடக்கே இருபது பாகை, கிழக்கே அறுபத்து மூன்று.

வரைபடத்தில் அந்த இடம் வெள்ளை. நிலத்துக்குத்தான் நிறம் கொடுப்பது வழக்கம். கடல் யாருடைய பிராந்தியத்திலும் சேராது.

போன வருடக் கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அவள் போகவில்லை. வீட்டுக் கதவைக்கூடத் திறக்கவில்லை. அவன் வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இப்போது வரைபடத்தின் கோடுகளைப் பார்த்து, இருபதும் அறுபத்து மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். கடுகளவு. உள்ளே நிறம் போடவில்லை. எதைப் போடுவது என்று தெரியவில்லை.

வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவருக்கு அச்சகத்து அவசரம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இந்தத் தீவுக்கு கலர் விட்டுப்போச்சு பாருங்கம்மா. நம்ம பக்கமே சேத்துக்குங்க."

சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவள் பச்சை போட்டாள்.

பதினான்கு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு பிரதி அச்செடுத்தாள். மடிப்பு அந்தப் புள்ளியின்மேல் விழாதபடி பார்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு திரையில் இருந்த புள்ளியை அழித்தாள். இல்லாத ஒரு தீவைப் பிள்ளைகள் படிக்கக் கூடாது.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கினாள்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.