மைக்கைப் பொத்திய கை

"என் உசுரு இருக்கிற வரைக்கும் மில்லை மூட விடமாட்டேன்" என்று முழங்கிவிட்டு, அமைச்சர் சென்னியப்பன் மைக்கைக் கையால் பொத்தினார். பக்கத்தில் இருந்த முதலாளியிடம், "தீபாவளி வரைக்கும் கத்துவானுங்க. அப்புறம் பூட்டிக்கங்க" என்றார்.

கைதட்டல் சட்டென்று நின்றது. எதிரே இருந்த முந்நூறு பேரும் தறி ஓடும் இரைச்சலில், உதட்டைப் பார்த்தே இருபது வருடம் பேசிப் பழகியவர்கள். சூப்பர்வைசர் கண்ணெதிரே உதட்டசைவிலேயே வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டித்தான் சென்னியப்பனும் சங்கத் தலைவரானார்.

முன்வரிசையில் அவருடைய பழைய ஷிப்ட் கூட்டாளி ஆறுச்சாமி எழுந்தார். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார்.

'காதுதான் போச்சு தலைவரே. கண்ணு இருக்கு.'

பின்னால் எல்லோரும் எழுந்தார்கள்.

"என்னங்க சொல்றான்?" என்றார் முதலாளி.

சென்னியப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டு, "காரைப் பின்பக்கம் வரச் சொல்லுங்க" என்றார்.