மீன் கட்லட்

"விழுங்காதேங்கோ மாமி. வாய்க்குள்ளை வைச்சு உருட்டிப் பாருங்கோ."

அவள் உருட்டினாள்.

புளித்தது. பிறகு துவர்த்தது. பழுதாய்ப்போன திராட்சைச் சாறு. இதற்கா கார் ஏறி இவ்வளவு தூரம்?

மருமகன் கஜன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கோயிலில்கூட அவன் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. செர்ரிப் பழம், என்றான். கொஞ்சம் புகையிலை. கடைசியில், எங்கேயோ தூரத்தில், ஈரத் தோல்.

ஊற்றிக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண் தலையாட்டினாள். தலையாட்டலும் சம்பளத்தில் சேர்த்தி.

"பழகினாச் சரிவந்திடும் மாமி."

கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் இல்லாத கரிசனை, இன்று காலை திடீரென்று முளைத்திருந்தது. வைன் தோட்டம். பிறகு ஏதோ நினைவுச்சின்னம். மரநிழலில் சாப்பாடு. மகள் சாம்பவிக்கு மட்டும் வீட்டில் வேலையாம். கடையில் வாங்கிய மீன் கட்லட் ஃபிரிட்ஜில் தயிர் டப்பாவுக்குள் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கோ என்றாள்.

மீன் என்றதும் அவளுக்கு மனம் ஆறியது.

இன்று ஆடி அமாவாசை. தகப்பன் செத்த வீடுகளிலெல்லாம் விரதம். இவள் மட்டும் வருடாவருடம் அன்றைக்கென்றே மீன் சமைப்பாள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சாம்பவியின் தகப்பனை பஸ்ஸில் ஏற்றிய ஆமிக்காரர், சண்டை முடிந்த நாளிலிருந்து விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய விசாரணை போலும். முடியட்டுமே. அதற்குள் யார் விரதம் பிடிப்பது?

நெற்றியில் குங்குமம் இருக்கிறது. சட்டியில் மீன் இருக்கிறது. ஆள் இருக்கிறார்.

நினைவுச்சின்னம் வந்தது.

இருநூறு வருடத்துக்கு முந்திய சண்டை. கல் முழுக்கப் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் செத்த தேதி.

"இவையள் இல்லாட்டி இந்த நாடே இல்லை மாமி," என்றான் கஜன், தானும் கூடவே துவக்குத் தூக்கியவன் மாதிரி.

ஓரத்தில் ஒரு சின்னக் கல்.

"அது ஆர் தம்பி?"

"படையை நடத்தின கேணலின்ரை குதிரை மாமி."

குதிரைக்கும் தேதி இருந்தது.

பக்கத்தில் புல்லில் இருந்தார்கள். கஜன் டப்பாவைத் திறந்தான். அந்த வீட்டு ஃபிரிட்ஜில் குழம்பு, சட்னி, பருப்பு எல்லாமே தயிர் டப்பாவுக்குள்தான். மூடியைத் திறந்து பார்த்து எடுக்க வேண்டும். கஜன் பார்க்கவில்லை.

உள்ளே கட்லட் இல்லை. நறுக்கிப் பொரித்த ஏதோ காய். அவன் ஒரு துண்டை வாயில் போட்டான். முகம் கோணியது.

"என்ன மாமி இது, இப்பிடிக் கசக்குது?"

செர்ரியும் புகையிலையும் ஈரத் தோலும் கண்டுபிடித்த நாக்கு.

அவளுக்கு மணத்திலேயே தெரிந்துவிட்டது. காத்தோட்டிக்காய். ஆடி அமாவாசைப் படையலுக்கென்று, தகப்பன் செத்த வீட்டில், வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பொரிக்கிற காய்.

ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். மொறுமொறுவென்று உடைந்தது. கருகல் இல்லை, எண்ணெய் இல்லை.

மகளின் கை. முதல் தடவை பொரிக்கிறவளின் கை இல்லை இது.

"பழகினாச் சரிவந்திடும் தம்பி."

கஜனின் ஃபோன் அடித்தது. சாம்பவி.

"ஓம், இப்பத்தான் சாப்பிடத் தொடங்கிறம்," என்றான் உற்சாகமாக.

எந்த டப்பா, எந்த டப்பா என்று சாம்பவியின் குரல் பதறியது. கேட்டுக்கொண்டே எழும்பி நின்றான். மாமியைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். எதைப் பார்ப்பதென்று தெரியாமல் குதிரையின் கல்லைப் பார்த்தான்.

அவள் அந்தக் கல்லின் மேல் காத்தோட்டிக்காய் ஒரு பிடி வைத்தாள். அண்ணாந்தாள்.

மேப்பிள் மரம். அதற்கு மேலே வெறும் வானம்.

"கா," என்றாள்.

அந்தப் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

காகம் வரவில்லை.

அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.