சொறிநாய்க்கு முதல் படகு

பெட்டிக்குள் ஏதோ பிறாண்டியது. பிரனோமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவளுடைய நாய் நின்தான், சந்தேகமே இல்லை.

"திறய்யா! என் நாயைத் தீவுக்குக் கடத்தப் பார்க்கிறியா?" என்று வண்டிக்காரனைப் படகுத்துறையிலேயே மறித்தாள்.

நின் காணாமல் போய் நாலு நாள். சாம்பல்நீலக் குட்டை மயிர், முதுகில் மட்டும் எதிர்ப்பக்கமாகப் படிந்த ஒரு கோடு. தினமும் ஈரத்துணியால் துடைத்து ரப்பர் பிரஷ் போடுவாள். வெள்ளிதோறும் காதைத் துடைத்து, நகத்தை அரத்தால் வட்டமாக ராவி விடுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை செய்ததில்லை என்று திராட் ஊர்ச் சந்தையே கேலி செய்யும்.

அந்த நேரம் பார்த்து முதுகுப்பக்கமிருந்து ஒரு நாற்றம் அடித்தது. தொப்பிக்காரன் ஒருவன் கயிற்றில் ஒரு சொறிநாயை இழுத்து வந்திருந்தான். தலை முதல் வால் வரை பழைய எஞ்சின் ஆயில்; அதில் மணலும் மீன்செதிலும் செத்த ஈக்களும் அப்பிக் கிடந்தன. வாயைத் துணியால் கட்டியிருந்தான்.

"சொறிக்கு ஆயில் பூசியிருக்கேன்க்கா. தீவுக் கோயில்ல விட்டா பிக்குமாருங்க சோறு போடுவாங்க. நமக்கும் புண்ணியம்."

நாய் முனகிக்கொண்டே வந்து அவள் காலில் உரசியது. பாவாடையில் கறுப்பாக ஓர் இழுப்பு.

"சீ, சனியனே!" குடையால் ஓங்கி ஒரு போடு போட்டாள். "யோவ், முதல்ல இதைக் கொண்டு போய்யா! குடலே வெளிய வந்துடும் போலிருக்கு!"

"படகுல இடம் இல்லைங்கிறாங்கக்கா."

மூக்கைப் பொத்திக்கொண்டு சுமைக்காரன் ஜாரூனைக் கூப்பிட்டாள். தீவிலும் போய்த் தேடலாமென்று அவள்தான் அவனிடம் சொல்லிப் படகில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"தம்பி, என் இடத்தை இந்தக் கருமத்துக்குக் குடுத்துடு. தூக்கிப் போடு, சீக்கிரம்!"

ஜாரூன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலு காலையும் பிடித்துத் தூக்கிப் படகில் வைத்தான். தொப்பிக்காரன் பிரனோமைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டான். படகு கிளம்பியது.

அவளே பெட்டியின் கயிற்றை அறுத்தாள். உள்ளே எச்சத்தில் மிதித்துக்கொண்டு நாலு வாத்துகள். வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

படகு கண்ணுக்கு மறைந்தது. பிரனோம் படிக்கட்டில் உட்கார்ந்து, பாவாடைக் கறையைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள்.

சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டே ஜாரூன் பக்கத்தில் வந்தான்.

"அழாதீங்கக்கா. ஆனா அதிசயத்தைப் பாருங்க, அந்தச் சொறிநாய்க்குக்கூட யாரோ நகத்தை வட்டமா ராவி விட்டிருக்காங்க!"