பெருவிரல் அழுத்தம்

லாரியிலிருந்து இறக்கிய பழைய டீசல் எஞ்சின் தாங்கியில் தலைகீழாகக் கிடக்கிறது. பக்கத்தில், சாக்கின் மேல், எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் புது டர்போ. அண்ணி குனிந்து ஊத, அதன் சக்கரம் சத்தமில்லாமல் சுழல்கிறது. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றிய மெக்கானிக்கின் சுரண்டி பாதியில் நின்றுவிட்டது. விளிம்பில் பிதுங்கி இறுகிய பசையில் ஒரு பெருவிரல் ரேகை, வரி வரியாக. பசை பூசி முடித்ததும் விரலால் ஓர் அழுத்து அழுத்துவது அண்ணியின் கணவர், லாரிக்கார அண்ணனின் பழக்கம். அவர் போய் இரண்டு வருஷம். லாரியை இப்போது ஓட்டுவது அண்ணிதான்.

“என்ன தம்பி, கை நின்னுடுச்சு?”

அவன் விலகிக் காட்டுகிறான். அவள் தொடாமல் பார்க்கிறாள். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் ரேகையைக் கடந்து நகர்கிறது.

“சுரண்டிடுங்க. பழசு மேல பூசினா ஆயில் ஒழுகும். அவரே திட்டுவாரு.”

சுரண்டி ஓடுகிறது, ரேகை கறுப்புத் துருவலாக உதிர்கிறது. வெறும் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. அவன் புதுப் பசை பூசி, சம்ப்பைப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிறான். அண்ணி சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பிதுங்கிய பசையில் அழுத்துகிறாள்.

“போதும், விரலை எடுத்துடுங்க அண்ணி.”

“இறுகட்டும் தம்பி.”