உறையில் இருந்த பெயர்கள்

பிலடெல்பியா காசுச் சங்கத்தின் மாதக் கூட்டம். வெண்டலின் மேஜையில் 1795ஆம் வருடத்து அரை சென்ட் செம்புக் காசு ஒன்று இருந்தது.

"லென்ஸ்ல பாரு, ஆல்டன். காசுல இருக்குற பொண்ணு தலைமுடிக்கு அடியில கப்பல் தெரியுதா?"

தெரிந்தது. செம்புத் தட்டுப்பாட்டில், வணிகர்கள் வெளியிட்ட கப்பல் படம் போட்ட பழைய டோக்கன் மேலேயே அடித்த காசு.

"எவ்வளவு ஓங்கி அடிச்சும் பழசு அழியலையே! ஆயுசு பூரா இதைத்தான்டா தேடினேன். என்ன விலை?"

"விலையெல்லாம் வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"பைத்தியமாடா உனக்கு?"

வெண்டல் சிரிக்கவில்லை. காசின் காகித உறையை நீட்டினான். வாங்குகிறவர் தன் பெயரை அதில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம்.

ஏழு பெயர்கள் இருந்தன. ஏழும் என் பெயர், என் கையெழுத்தில்.

"உன் காசுதான்டா இது. மாசாமாசம் இங்கேயே மறந்து வெச்சுட்டுப் போயிடுறே," என்றான் வெண்டல். "இந்தா, பென்சில்."