ஆதிகேசவனின் ராசியான சட்டை

உண்மை ஒன்றே, அது தெரியாவிட்டால் குற்றம் பார்ப்பவர் கண்ணில்தான் என்பார் ஆதிகேசவன். ஊரார் கண்களுக்குள் பொருத்திய திரைகளில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் சரிசெய்யும் தலைமை அதிகாரி அவர். அன்று அவருக்குப் பாராட்டு விழா. எல்லா விழாவுக்கும் போடும் ராசியான வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, இந்தச் சட்டையோடயா மேடை ஏறப்போறீங்க?" என்றாள் மனைவி வேதநாயகி.

"பளிச்சுனுதானே இருக்கு? உன் கண்ணுலதான் கான்ட்ராஸ்ட் பத்தல. வா, ஏத்திவிடறேன்."

"ஊர்க் கண்ணையெல்லாம் நோண்டுறீங்களே, உங்க கண்ண என்னிக்காச்சும் சோதிச்சீங்களா?"

ரோஷத்தோடு சோதனை அட்டையை எடுத்துப் பார்த்தார். பத்து வெளிர்க் கட்டங்கள் தெரியவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. வெளிர் நிறமெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு ஏற்றி வைத்திருந்த தன் கண்திரையின் கான்ட்ராஸ்டை மெல்லக் குறைத்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கூடவே, சட்டை மார்பில் சாம்பார்க் கறையும் தெரிந்தது.

கூடத்தில் மாட்டியிருந்த ஐந்து விழாப் படங்களிலும் அதே கறை இருந்தது.